சிவபுரியில் ஒரு சிவப்புப் படகு

சென்ற மாசித் திங்களில் நம் சங்கத்துக் குடும்பங்கள் ஐந்து ரிஷிகேசம் சென்று வந்த செய்தியை அன்பர்கள் அறிவர். ஹரித்துவாரத்தில் நீராடியதும், தேவப்பிரயாகையில் அலகநந்தையும் பாகீரதியும் கலந்து கங்கை என்னும் பெயர் பெறும் இடத்தைக் கண்டதும், அங்கே பெரியாழ்வாரால் பாடப்பெற்ற திருக்கண்டங்கடிநகர்ப் பெருமாளைச் சேவித்ததும் சென்று வந்தோர் வாயில் இன்னும் பேச்சாக இருக்கின்றன. நாம் மட்டும் தேவப்பிரயாகை போகவில்லை. ஹரித்துவாரப் படித்துறையில் கால் பிசகியதன் பயனாக, சிவபுரி ஆற்றங்கரையிலேயே ஒரு பகலும் மறுநாள் காலையும் கழிக்க நேர்ந்தது. "நூற்றெட்டுத் திருப்பதியில் ஒன்று இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. நீயோ ஓர் ஓட்டைப் படகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்" என்று அன்னையார் இன்றளவும் சொல்லிக் காட்டுகிறார். அந்த ஓட்டைப் படகைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தோம்.

ரிஷிகேசத்திலிருந்து பதரிநாதம் செல்லும் சாலையில் பதினாறு கிலோமீட்டர் சென்றால் சிவபுரி வரும். ஒரு புறம் மலை, மறுபுறம் பள்ளத்தில் கங்கை. மழைக்காலத்தில் சேறு கலந்து பெருகியோடும் ஆறு, பனிக்காலம் முடியும் தறுவாயில் மரகதப் பச்சையாகத் தெளிந்திருக்கிறது. கரையிலோ வெள்ளை மணலும், யானைக் குட்டிகள் படுத்திருப்பன போன்ற உருண்டைக் கற்களும். ரயில்வே ஊழியராதலின் நம் கண் முதலில் போனது வேறிடத்துக்கு. ரிஷிகேசத்திலிருந்து கர்ணப்பிரயாகை வரை 125 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய இருப்புப்பாதை அமைத்து வருகின்றனர். அதில் பெரும்பகுதி மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள்ளேயே செல்லும். சிவபுரிக்கும் அதில் ஒரு நிலையம் உண்டு. அந்தப் பாதையில் வண்டி ஓடும் நாளில் நம் அன்பர்கள் மலைவளைவுகளில் வயிற்றைப் பிசைந்துகொண்டு பேருந்தில் வரவேண்டியதில்லை.

சிவபுரிக்கு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வருவது படகுக்காக. ஆறு பாறைகளுக்கிடையே சரிந்து நுரைத்துப் பாயும் இடங்களை இங்கே ரேப்பிட் என்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ரோலர் கோஸ்டர் என்பார்கள், கோல்ஃப் கோர்ஸ் என்பார்கள். பகீரதன் தவமிருந்து கொணர்ந்த ஆற்றில் கோல்ஃப் மைதானம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எட்டுப் பேர் அமரும் காற்றடைத்த ரப்பர்ப் படகு அவ்வழியே குலுங்கிக் குலுங்கி ரிஷிகேசம் வரை இறங்குகிறது. அதற்கு முன்னே, ஒருவர் மட்டும் இடுப்பளவு உள்ளே செருகிக்கொண்டு அமரும் சிறு படகொன்று செல்கிறது. அதுவே கயாக். ரப்பர்ப் படகிலிருந்து யாரேனும் நீரில் விழுந்துவிட்டால் பாய்ந்து சென்று, படகின் நுனியில் உள்ள கைப்பிடியைப் பற்றச் செய்து கரை சேர்ப்பது அந்தக் கயாக்காரனின் பொறுப்பு. காவல் படகு என்று சொல்லலாம்.

மறுநாள் ஞாயிறு காலை நம் குழுவின் இளவட்டங்கள் ரப்பர்ப் படகில் செல்வதாக ஏற்பாடு. நம் மைத்துனனும் அவர்களுள் ஒருவன். சனிக்கிழமை காலையில் எல்லோரும் தேவப்பிரயாகைக்குப் புறப்பட்ட பின், கூடாரத்துக்கு வெளியே நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்திருந்தோம். அப்போது ஒரு பெரியவரும் ஓர் இளைஞனும் ஒரு சிவப்புக் கயாக்கைத் தூக்கி வந்து, இரண்டு மரக்கட்டைகளின் மேல் கவிழ்த்தனர். மறுநாள் நம்மவர்களுக்குக் காவலாக வரவேண்டிய படகு அதுவே என்று விசாரித்ததில் தெரிந்தது. அதன் அடிப்புறத்தில், ஆள் அமரும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது.

பெரியவர் அக்கம்பக்கத்து மலைக்கிராமத்தவர், அறுபதை நெருங்கியவர். இளைஞனுக்கு இருபத்திரண்டு இருக்கலாம். பெரியவரைச் சாச்சா என்றழைத்தான். பழைய படகாக வாங்கியதே என்றாலும், அதற்கு அவன் இரண்டு பருவச் சம்பாத்தியத்தைக் கொடுத்திருந்தான். சொந்தமாகக் கயாக் வைத்திருப்பவனுக்கே நாள்தோறும் வேலை. இல்லாதவன் முதலாளியின் படகு ஒழியும்வரை காத்திருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மழை மாதங்களில் படகுத் தொழில் நிறுத்தப்படும். அதற்குள் ஈட்டியதே ஆண்டு முழுமைக்கும்.

கயாக் என்பது வடதுருவத்தை ஒட்டிய பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்களின் படகு. மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்து, வேட்டைக்குச் செல்வார்களாம். இதைக் கேட்டவுடன் ஒகேனக்கல் பரிசல் நினைவுக்கு வந்தது. நாம் தருமபுரிப் பக்கத்தவர். மூங்கில் பின்னலுக்கு அந்நாளில் தோல் போர்த்தினார்கள். பின்னாளில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசினார்கள். கிழிந்தால் போர்வையை மாற்றலாம், மூங்கில் நிற்கும். மூங்கில் முறிந்தால் அதை மாற்றலாம், போர்வை நிற்கும். இந்தக் கயாக்கிலோ சட்டமே இல்லை. பாலிஎத்திலீன் தூளை அச்சினுள் கொட்டி, அச்சைச் சூடேற்றிக்கொண்டே எல்லாப் பக்கமும் சுழற்றினால், தூள் உருகி அச்சின் உட்சுவரெங்கும் படிந்து ஒரே துண்டாக வந்துவிடுகிறது. எட்டரை அடி நீளம், ஏறத்தாழ இருபது கிலோ எடை, கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் கனம். தோலும் அதுவே, எலும்பும் அதுவே. ஓரிடத்தில் விரிந்தால் மாற்றுவதற்குத் தனி உறுப்பென்று ஒன்று இல்லை.

நமக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? "கடையில் இரண்டு கூட்டாக விற்கிறார்களே, பிசைந்து ஒட்டும் பசை, அது போதாதா?" என்றோம். பெரியவர் சிரித்தார். இந்தப் பிளாஸ்டிக் மெழுகின் இனம்; எந்தப் பசையும் இதைக் கவ்வாது, காய்ந்ததும் தேமல்போல் உரிந்து வந்துவிடும் என்றார். நம் வீடுகளில் தண்ணீர்க் குடத்தின் அடியில் பசை வைத்துப் பார்த்த தாய்மார்களுக்கு இது புதிதன்று. நம் ஊர்த் தெருக்களில் கூவிக்கொண்டு வரும் ஒட்டுக்காரர் பசையையா எடுப்பார்? இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, குடத்தின் பிளாஸ்டிக்கையே உருக்கி, பழைய குடத்தின் துண்டொன்றையும் அதனோடு இழைத்துவிடுவார். பெரியவர் செய்யப் போவதும் அதுவே. முறைதான் இன்னும் பொறுமையுடையது.

முதலில் உள்ளே இருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி, வெயிலில் காயவைத்தார். பிறகு விரிசலின் இரு முனைகளையும் விரல்நுனியால் தடவிக் கண்டுபிடித்து, முனைக்கு ஒரு சிறு துளை இட்டார். ஓட்டையை அடைக்க வந்தவர் மேலும் இரண்டு ஓட்டை போடுகிறாரே என்று திகைக்க வேண்டாம். விரிசலின் முனை ஊசிபோல் கூரியது. அழுத்தமெல்லாம் அந்த ஊசிமுனையில் திரண்டு அதை மேலும் ஓட்டும். முனை வட்டமாகிவிட்டால் அழுத்தம் பரவிப்போகிறது, விரிசல் நிற்கிறது. பட்டறைகளில் இரும்புத் தகட்டுக்கும் இவ்வாறு செய்வதுண்டு.

அதன்பின் விரிசல் நெடுக ஒரு சிறு வாய்க்கால் கீறினார். அப்போதுதான் நாம் கவனித்திருக்க வேண்டியது நடந்தது. கவனித்தோம், பொருள் தெரியவில்லை. சுரண்டியை இழுத்தபோது பிளாஸ்டிக் உமியாக, பொடியாக உதிர்ந்தது. பெரியவர் அந்தப் பொடியை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தார். பின்னர் படகைப் புரட்டி, மேற்புறத்தில் ஒரு மூலையில் சுரண்டினார். அங்கே தச்சர் இழைப்புளியில் வரும் சுருளைப்போல் நீண்ட சிவப்புச் சுருள் வந்தது. ஒன்றும் சொல்லாமல் மீண்டும் கவிழ்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஒட்டுவதற்கான குச்சியைக் கடையில் வாங்கவில்லை. கழித்துப்போட்ட வேறொரு படகிலிருந்து அறுத்து வைத்த பட்டைகள் ஒரு சாக்கில் இருந்தன. எல்லாப் படகும் உருகாது என்றார் பெரியவர். சில பழைய படகுகளின் பிளாஸ்டிக் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும்படி செய்யப்பட்டவை. சூடு காட்டினால் கருகுமே ஒழிய இளகா. அவற்றை ஒட்டவே முடியாது. ஆகவே முதலில் ஓர் ஓரத்தில் சூடு காட்டி, இது இளகும் சாதிதான் என்று உறுதி செய்துகொண்டார். சூடான காற்றை ஊதும் கருவியை முகாமின் மின்கம்பியில் பொருத்தினார். இப்பொருள் உருகுவது ஏறத்தாழ 130 டிகிரிக்கு அருகில். குறைந்தால் குச்சி மேலே ஒட்டியதுபோல் கிடக்கும், உள்ளே இணையாது. மிகுந்தால் புகைந்து வலுவிழக்கும். படகின் தோலும் குச்சியும் ஒருங்கே வியர்த்ததுபோல் பளபளக்கும் நொடியில் அழுத்தவேண்டும். விரல் அகலம் முன்னேறுவதற்குப் பல நிமிடம். இளைஞன் கருவியைப் பிடிக்க, பெரியவர் குச்சியை அழுத்த, நாமும் நொண்டிக்கொண்டு சென்று காற்று வீசும் திசையில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலுவலகத்தில் ஒரு கோப்பை நகர்த்த இத்தனை அக்கறை காட்டியதாக நினைவில்லை.

வேலை முடிய மாலை நான்காயிற்று. தண்ணீர் ஊற்றி ஆற்றலாமே என்றதற்கு, கூடாது, தானாகவே ஆறவேண்டும், விடியட்டும் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டார். இளைஞன் ஒட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு நம்மைப் பார்த்தான். "பாபுஜி, காலையிலிருந்து பார்த்தீர்களே, தாங்கும் அல்லவா?" என்றான். "தாங்கும் தம்பி, நன்றாகத் தாங்கும்" என்றோம்.

இரவு தேவப்பிரயாகைப் பிரசாதத்துடன் குழுவினர் திரும்பினர். பகல் முழுவதும் நடந்ததைப் பெருமையோடு விவரித்தோம். எல்லாவற்றையும் கேட்ட இல்லாள், "அப்படியானால் நாளைக்குத் தம்பி தண்ணீரில் விழுந்தால் அந்த ஒட்டுப்போட்ட படகுதான் வந்து பிடிக்குமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு உறங்கிப் போனாள். நமக்கு உறக்கம் போயிற்று. கங்கையின் இரைச்சல் பகலில் இல்லாத அளவுக்கு இரவில் கேட்டது. தாங்கும் என்று சொல்ல நாம் யார்? நாம் பண்டகசாலைக் கணக்கெழுதும் குமாஸ்தா. படகைப் பற்றி அன்று காலைவரை ஓர் எழுத்தும் அறியாதவர். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து, அவன் கேட்க விரும்பியதைச் சொல்லிவிட்டோம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரைக்குச் சென்றோம். பெரியவர் ஏற்கெனவே வந்திருந்தார். நேற்று நாம் சொன்னதை ஒரு பொருட்டாகக் கொள்ளவேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். "உங்கள் சொல்லை யார் கணக்கில் எடுத்தார்கள், பாபுஜி? நேற்றே சுரண்டல் சொல்லிவிட்டதே" என்றார். நமக்குச் சற்று வெட்கமாகவும், அதைவிட ஆறுதலாகவும் இருந்தது.

இளைஞன் வந்தான். படகை நிமிர்த்தி உள்ளே மூன்று வாளி நீர் ஊற்றினர். அடியில் ஒரு சொட்டும் கசியவில்லை. அவன் முகம் மலர்ந்தது. பெரியவர் நீரைக் கொட்டிவிட்டு, படகைக் கவிழ்த்து, ஒட்டுக்கு நான்கு விரல் தள்ளி முழங்காலை ஊன்றி, உடல் எடையைக் கொடுத்து அழுத்தினார். அப்பளம் நொறுங்கும் ஓசை கேட்டது. ஒட்டு அப்படியே இருந்தது. ஒட்டின் ஓரத்திலிருந்து ஒரு புதிய விரிசல் விலாப்புறம் நோக்கி ஓடியிருந்தது.

மழைநீர் தேங்காமலிருக்கப் படகுகளைக் கவிழ்த்தே வைப்பது எங்கும் வழக்கம். ஆதலால் ஆண்டுக்கணக்காக வெயிலைத் தாங்கியது அடிப்புறம். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு, வளைந்து கொடுக்கவேண்டிய பிளாஸ்டிக் மக்கி நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. மொட்டைமாடியில் வருடக்கணக்காகக் கிடந்த வாளியை எடுத்தால் விளிம்பு கையோடு வருமே, அதே கதை. நேற்று உமியாக உதிர்ந்ததன் பொருள் இதுவே. ஒட்டிய இடம் இன்றைய பிளாஸ்டிக். சுற்றியுள்ளது பத்தாண்டு வெயில் தின்றது. பாறையில் மோதும்போது ஒட்டு நிற்கும், அடுத்த இடம் போகும். அதை ஒட்டினால் அதற்கடுத்தது.

இளைஞன் எளிதில் விடவில்லை. படகின் இரு முனைகளிலும் காற்றுப்பைகள் இருக்கின்றன, உடைந்தாலும் மூழ்காது என்றான். "மூழ்காதுதான். ஆனால் நீர் நிறைந்த படகு உன் துடுப்புக்குத் திரும்பாது. நீ ஒருவனைக் காப்பாற்றப் போன இடத்தில் உன்னைக் காப்பாற்ற இன்னொருவன் வரவேண்டும். பாறையில் சாத்தி மடிந்தால் உன் கால் உள்ளே" என்றார் பெரியவர். குரலை உயர்த்தவில்லை.

"அப்படியானால் நேற்று எதற்காக ஒரு பகல் முழுவதும் ஒட்டினீர்கள், சாச்சா?" என்று அவன் கேட்டான். நாமும் கேட்க நினைத்ததே அது.

"சுரண்டியதும் விட்டுவிடு என்று சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பாயா? நான் வீட்டுக்குப் போனதும் வேறு எவனிடமாவது ஒட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியிருப்பாய்."

இளைஞன் விடை சொல்லவில்லை. மணலில் குந்தி, சிறிது நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எம் அலுவலகத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு: கண்டம். ஆங்கிலத்தின் கண்டம்டு என்பதை ரயில்வேத் தமிழர் அப்படிச் சுருக்கி வழங்குவர். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டிக்கு 25 ஆண்டு என்று ஆயுள் வகுத்திருக்கிறார்கள். அது நிறைந்ததும் கண்டம். பண்டகசாலையில் எத்தனையோ கண்டப் பட்டியல்களை நம் கையால் நகலெடுத்திருக்கிறோம். பெட்டி எண், ஆண்டு, எடை. பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். திருக்கண்டங்கடிநகருக்குப் போகாமல் கண்டத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று பின்னர் அன்னையாரிடம் சொல்லிப் பார்த்தோம், அவர் சிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு நம் குழுவினர் உயிர்காப்பு உடையும் தலைக்கவசமும் அணிந்து கரைக்கு வந்தபோது, காவல் படகு இல்லையென்று தெரிந்தது. மேல்கரை முகாமிலிருந்து வேறொன்று வரும்வரை ராஃப்ட் கிளம்பாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் வீண். "ஒட்டின படகே போதுமே மாமா, நீங்கள்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னீர்களாமே" என்று மைத்துனன் நம்மிடம் சண்டைக்கு வந்தான். மறுநாள் காலை அலுவலகம் செல்லவேண்டியவர் இருவர் முணுமுணுத்தனர். அவர்களிடமெல்லாம், "நாம் சொன்னது தவறு, கிளம்பவேண்டாம்" என்று சொல்லவேண்டிய கடமை நம்முடையதாயிற்று, சொன்னோம். பதினொன்றரை மணிக்கு ஒரு மஞ்சள் கயாக் வந்து சேர்ந்தது. அதை ஓட்டி வந்தவனே காவலாகச் சென்றான். நம் இளைஞனை ராஃப்டில் துடுப்புப் போட ஏற்றிக்கொண்டார்கள், அரைக் கூலி.

ஆனால் அதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தை அவன் சும்மா கழிக்கவில்லை. பெரியவர் ஒரு கை அரத்தாளை அவனிடம் கொடுத்தார். முதலில் இருக்கை, கால்மிதி, கைப்பிடிகள், காற்றுப்பைகள் ஆகியவற்றை ஆணி ஆணியாகக் கழற்றி ஒரு சாக்கில் இட்டான். அடுத்த படகுக்கு அவை ஆகும். பிறகு வெயில் காணாத மேற்புறத்தை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக அறுத்தான். அறுக்க அறுக்கச் சிவப்புச் சுருள்கள் மணலில் விழுந்தன. முப்பதுக்கு மேல் பட்டைகள் தேறின. முதல் பட்டையை அறுக்கும்போது கை நடுங்கியது; பத்தாவதற்குமேல் கணக்காக ஒரே அகலத்தில் அறுத்தான். மக்கிய அடிப்புறம் மட்டும் மீதியாகக் கட்டையின்மேல் கிடந்தது, நேற்றைய ஒட்டோடு.

ஊருக்குப் புறப்படுமுன் விடைபெறச் சென்றோம். பெரியவர் பட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சணலால் கட்டி, அதே பழைய சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேல்கரை முகாமில் இரண்டு படகுகள் விரிசலோடு கிடக்கின்றனவாம். அவை புதியவை, சுரண்டினால் சுருள் வருகிறதாம். திங்கள் முதல் அந்த வேலைக்கு இளைஞனையும் உடன் அழைத்துச் செல்லப் போகிறார். நாம் ஒரு பட்டை கேட்டோம். எதற்கென்று வினவாமல் எடுத்துக் கொடுத்தார். ஹரித்துவாரத்தில் வண்டியேறும்போது இல்லாள் அதைக் கண்டு, "வீட்டில் அடி விரிந்த குடம் இரண்டு இருக்கிறது, அதற்கா?" என்றாள். முதலில் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்றோம்.